முட்கரண்டியும் புட்டுக்குழலும்

அரண்மனைகளுக்கும் போர்களுக்கும் உடன்படிக்கைகளுக்கும் வரலாற்று ஏடுகள் உண்டு. அகப்பைக்கும் உரலுக்கும் அத்தகைய ஏடுகள் அரியன. எனினும், ஓர் ஊர் மக்கள் உணவை எதனால் எடுத்தனர், எதனால் பிழிந்தனர், உண்டு முடித்த பின் அந்தக் கருவிகளை யார் கழுவினர் என்று கேட்டுப் பார்த்தால், அரசியல் வரலாறு காட்டாத சில உண்மைகள் புலனாகின்றன. ஆகவே இன்றைய பேச்சுக்கு மிகச் சிறிய பொருள் ஒன்றை எடுத்துக்கொள்வோம். தன்னைத் தானே துடைத்துக்கொள்ளும் முட்கரண்டி என்பதே அப்பொருள். அதை ஆராய்வதற்குரிய இடமாகக் கொச்சி நகரின் மட்டாஞ்சேரியைக் கொள்வோம். முட்கரண்டிக்கும் மட்டாஞ்சேரிக்கும் என்ன உறவு என்று நேயர்கள் வியக்கக்கூடும். அந்த உறவை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டுவதே இப்பேச்சின் நோக்கம்.

முதலில் கருவியின் அமைப்பைக் காண்போம். சாதாரண முட்கரண்டி உணவைக் குத்தி எடுக்கிறது. ஆனால் எடுத்ததை எளிதில் விடுவதில்லை. குத்திய துண்டைத் தட்டில் இறக்க வேண்டுமானால் மற்றொரு கரண்டியையோ விரலையோ துணைக்கு அழைக்க வேண்டியிருக்கிறது. முட்களின் இடையில் சிக்கிய நாரும் மாவும் கழுவும்போதும் எளிதில் அகல்வதில்லை. இக்குறையைப் போக்கச் சிலர் கண்ட வழி இது: முட்களின் அடிப்பாகத்தில் சிறு தகடு ஒன்றைப் பொருத்துவது, அந்தத் தகட்டில் முட்கள் நுழைந்து செல்லும் அளவுக்குத் துளைகள் இடுவது, கைப்பிடியிலுள்ள குமிழைக் கட்டைவிரலால் தள்ளினால் தகடு முட்களின் வழியே நுனி வரை நகர்ந்து, ஒட்டியிருப்பதையெல்லாம் முன்னே தள்ளி வீழ்த்தும், விரலை எடுத்ததும் உள்ளே இருக்கும் சுருள்வில் தகட்டைப் பழைய இடத்துக்கு இழுத்துக்கொள்ளும். ஊறுகாய்ச் சாடியிலிருந்து துண்டை எடுத்துத் தட்டில் தள்ளுவதற்காக இப்படி விசை பொருத்திய சிறு முட்கரண்டிகள் மேனாடுகளில் முன்பே வழக்கத்துக்கு வந்திருந்தன.

கேட்பதற்கு எளிதாகத் தோன்றும் இவ்வமைப்பில் மூன்று இடர்ப்பாடுகள் உண்டு. நேராகவும் ஒன்றுக்கொன்று இணையாகவும் உள்ள முட்களின்மேல்தான் துளையிட்ட தகடு தடையின்றி நகரும். நாம் மேசையில் காணும் முட்கரண்டியோ வளைந்தது. அதன் முட்கள் நுனியை நோக்கி மெலிந்துகொண்டே செல்கின்றன. அடியில் இறுக்கமாகப் பொருந்தும் துளை நுனியில் தளர்ந்துவிடும். இது முதல் இடர். துளையை இறுக்கமாக வைத்தால் தகடு இடையில் சிக்கும். தளர்வாக வைத்தால் மாவும் நெய்யும் துளைக்குள் புகும். இது இரண்டாவது இடர். மூன்றாவதுதான் பெரிது. தகடு நகர்வதற்குக் கைப்பிடியில் பள்ளம் வேண்டும். வில்லுக்கு உள்ளே அறை வேண்டும். அந்தப் பள்ளத்திலும் அறையிலும் புகுந்த எண்ணெய்ப் பிசுக்கை எது துடைக்கும்? முள்ளைத் துடைக்க ஒரு தகடு வைத்தோம். தகட்டைத் துடைக்க மற்றொன்றை எங்கே வைப்பது? ஆக, கருவி தன்னைத் துடைத்துக்கொள்வதாகச் சொன்னாலும், கழுவுபவரின் வேலை குறைவதற்குப் பதிலாக இடம் மாறிவிடுகிறது.

பற்றுதல், விடுதல், தூய்மையாதல் என்னும் மூன்று செயல்களில் முட்கரண்டி முதலாவதற்காகவே பிறந்தது. அதன் வரலாறும் இதையே காட்டும். உணவை மேசையில் முள்ளால் குத்தி உண்ணும் வழக்கம் பைசாந்தியப் பேரரசில் நிலவியது. 11-ஆம் நூற்றாண்டில் அங்கிருந்து வெனிஸ் நகருக்கு மணமகளாக வந்த இளவரசி ஒருத்தி பொன் முள்ளால் உண்டதைக் கண்டு, அது அளவுமீறிய ஆடம்பரம் என்று பீட்டர் தாமியன் என்னும் துறவி கடிந்து எழுதினார். அதன் பின்னர் பல நூற்றாண்டுகள் கழிந்தே இத்தாலியில் முட்கரண்டி பொதுவழக்காயிற்று. ஆங்கிலேயரான தாமஸ் கொரியட் 1608-இல் இத்தாலியில் பயணம் செய்தபோது அதைக் கண்டு வியந்து, 1611-இல் வெளியிட்ட தம் பயண நூலில் அதைப் பற்றி விவரித்தார். அவருடைய நாட்டார் அவரைக் கேலி செய்தனர். அதே கொரியட் பின்னர்த் தரைவழியாக நடந்தே நம் நாட்டுக்கு வந்தார். 1615-இல் ஆஜ்மீரை அடைந்தார். சக்கரவர்த்தி ஜஹாங்கீரின் முன்னிலையில் பாரசீக மொழியில் பேசினார். 1617-இல் சூரத் துறைமுகத்தில் உயிர் நீத்தார். இங்கிலாந்துக்கு முட்கரண்டியை அறிமுகம் செய்தவர் என்று பெயர் பெற்ற மனிதர், கையால் உண்ணும் நம் நாட்டு மண்ணில் உறங்குகிறார் என்பது வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று.

இனி கொச்சிக்கு வருவோம். 1341-இல் பெரியாற்றில் பெருகிய வெள்ளம் கொடுங்கல்லூரின் பழைய துறைமுகத்தை மண்மூடச் செய்து, கொச்சியில் புதிய முகத்துவாரத்தைத் திறந்துவிட்டது என்பர். கொச்சியின் வாழ்வு அந்த வெள்ளத்திலிருந்து தொடங்குகிறது. 1500-ஆம் ஆண்டின் இறுதியில் போர்த்துக்கீசியத் தளபதி கப்ரால் இங்கே வந்து மிளகு ஏற்றினார். 1503-இல் போர்த்துக்கீசியர் கோட்டை எழுப்பினர். வாஸ்கோ ட காமா 1524-இல் இந்நகரிலேயே இறந்தார். கோட்டைக்குச் சற்றுத் தொலைவில், கொச்சி அரசரின் ஆதரவில் வளர்ந்த வணிகப் பகுதியே மட்டாஞ்சேரி. 16-ஆம் நூற்றாண்டின் நடுவில் போர்த்துக்கீசியர் அங்கே அரசருக்கு ஓர் அரண்மனை கட்டிக் கொடுத்தனர். 1663-இல் டச்சுக்காரர் கொச்சியைக் கைப்பற்றிய பின் அதைச் செப்பனிட்டனர்; அதனால் அதற்கு டச்சு அரண்மனை என்னும் பெயர் நிலைத்துவிட்டது. அரண்மனையை அடுத்து 1568-இல் பரதேசி யூதர்களின் தொழுகைக்கூடம் எழுந்தது. கோவாவிலிருந்து வந்த கொங்கணியர், வாணிகத்துக்கு வந்த குஜராத்தியர், கட்ச் பகுதி முஸ்லிம்கள், தமிழர் என்று பல மக்கள் அடுத்தடுத்த தெருக்களில் குடியேறினர். ஒரு நாழிகை நடந்தால் ஐந்தாறு மொழிகளையும் அத்தனை வகை அடுக்களைகளையும் கடந்து செல்லக்கூடிய இடம் இது. கருவிகளை ஒப்பிட்டுப் பார்க்க இதைவிடத் தக்க இடம் கிடைப்பது அரிது.

போர்த்துக்கீசியர் 1500-இல் வந்தபோது முட்கரண்டியைக் கொண்டுவந்து நமக்குப் பழக்கினர் என்று கொள்வதற்கில்லை. அந்த நாளில் இத்தாலிக்கு வெளியே ஐரோப்பாவின் பெரும்பகுதியில் அதுவே பொதுவழக்கு ஆகவில்லை. கத்தியும் கரண்டியும் கைவிரலுமே அவர்களுக்கும் துணை. முட்கரண்டி பின்னரே வந்தது. இங்கே சொற்கள் சான்று கூறுகின்றன. சொற்களைப் பெயர்ப்பதையே தொழிலாகக் கொண்ட நமக்கு இவ்வகைச் சான்றில் தனி ஈடுபாடு உண்டு. போர்த்துக்கீசியரிடமிருந்து தமிழ் பெற்ற சொற்கள் பல: மேசை, அலமாரி, சாவி, ஜன்னல், கோப்பை, பீப்பாய், துவாலை, குசினி. இவற்றுட் பல மலையாளத்திலும் வழங்குகின்றன. மேசையையும் கோப்பையையும் துவாலையையும் சமையலறையின் பெயரையுங்கூட ஏற்றுக்கொண்ட நம் மொழி, முட்கரண்டியைக் குறிக்கும் 'கார்ஃபு' என்னும் போர்த்துக்கீசியச் சொல்லை மட்டும் ஏற்கவில்லை. சிங்களம் அதை ஏற்றது. அங்கே அது 'கேருப்புவ' ஆயிற்று. இந்தோனேசிய மொழியில் 'கார்ப்பு' ஆயிற்று. தமிழர் அதை 'முள்' என்றனர். 'முள்ளுக்கரண்டி', 'முட்கரண்டி' என்றனர். மீனில் இருந்தால் எடுத்தெறிய வேண்டியதும், காலில் தைத்தால் பிடுங்க வேண்டியதுமான பொருளின் பெயரையே அதற்கு இட்டனர். அவசியமாகத் தோன்றிய பொருளைப் பெயரோடு வாங்குவதும், அவசியமற்றதாகத் தோன்றியதைத் தொலைவில் நிறுத்திப் புதுப்பெயர் சூட்டுவதும் மக்கள் இயல்பு போலும்.

முட்கரண்டி இந்தக் கரையில் அவசியமற்றதாகத் தோன்றியதற்குக் காரணம் உண்டு. இங்கே உணவைப் பற்றும் வேலையைக் கை செய்தது. ஆகவே கருவி செய்வோரின் அறிவு விடுவித்தல் என்னும் மற்றொரு பணியில் சென்றது. மாவை ஓர் உருவத்தில் அடைத்து வேகவைப்பதும், வெந்ததைச் சிதையாமல் வெளியேற்றுவதும் எவ்வாறு என்பதே இங்குள்ள அடுக்களைகளின் முதன்மையான வினா. அதற்குக் கிடைத்த மிகச் சிறந்த விடை புட்டுக்குழல்.

புட்டு தமிழர்க்குப் பழைய உணவு. சிலப்பதிகாரத்தில் புகார் நகரத்து வணிகரைச் சொல்லுமிடத்தில் வரும் 'காழியர்' என்னும் சொல்லுக்குப் பிட்டு விற்போர் என்று உரை கூறுவர். மதுரையில் வந்தி என்னும் முதியவள் அளித்த பிட்டுக்காகச் சிவபெருமான் மண் சுமந்த கதையைத் திருவிளையாடற் புராணத்தால் அறிவோம். மதுரையில் அது இன்றும் ஆவணி மூலத் திருவிழாவாக நடைபெறுகிறது. யாழ்ப்பாணத்தார் பனையோலையால் முடைந்த நீற்றுப்பெட்டியிலும் புட்டு அவிப்பர். கேரளக் கரையில் அது குழலில் அவிக்கப்பட்டு உருளை வடிவம் பெற்றது. மலையாளத்தில் அக்குழலுக்குப் புட்டுக்குற்றி என்று பெயர். அதன் உள்ளே வைக்கும் துளையிட்ட வட்டத் தகட்டுக்குச் சில்லு என்று பெயர். இரண்டும் தமிழ்க் காதுக்கு அயலான சொற்கள் அல்ல.

பழைய புட்டுக்குற்றி மூங்கிலால் ஆனது. இரு புறமும் திறந்த ஒரு துண்டு மூங்கில். அதன் புறத்தே கயிறு சுற்றப்பட்டிருக்கும். கயிறு சூட்டை உள்ளே காக்கிறது. எடுப்பவரின் கையையும் காக்கிறது. குழலின் அடியில் சில்லை இட்டு, முதலில் ஒரு பிடி தேங்காய்த் துருவல், பிறகு பிசிறிய அரிசி மாவு, மீண்டும் துருவல் என்று மாற்றி மாற்றி நிரப்புவர். கொதிக்கும் குடத்தின் வாயில் குழலைப் பொருத்தினால், ஆவி சில்லின் துளைகள் வழியே ஏறி மாவை வேகவைக்கும். வெந்த பின் குழலை எடுத்துத் தட்டின்மேல் சாய்த்து, அடிப்புறத்திலிருந்து ஒரு குச்சியால் சில்லைத் தள்ளுவர். சில்லு குழலின் உள்ளே நகர்ந்து, புட்டு முழுவதையும் தன் முன்னே தள்ளிக்கொண்டு, இறுதியில் தானும் தட்டில் வந்து விழும்.

இதில் அமைந்துள்ள நுட்பத்தைச் சற்று நின்று காண்போம். சில்லு மூன்று வேலைகளைச் செய்கிறது: மாவு கீழே விழாமல் தாங்குகிறது, ஆவிக்கு வழி விடுகிறது, இறுதியில் உலக்கை போல நகர்ந்து உணவைத் தள்ளிவிட்டுக் குழலின் சுவரையும் வழித்துவிடுகிறது. தள்ளும் தகடு என்ற அளவில் இது முட்கரண்டியின் தகட்டுக்கு உடன்பிறப்பே. ஆனால் வேறுபாடுகளை நோக்குக. குழல் நேரானது, அதன் அகலம் ஓரளவு சீரானது, ஆகவே நகரும் சில்லு சிக்குவதில்லை. சில்லு எதனோடும் பிணைக்கப்படவில்லை. வில் இல்லை, ஆணி இல்லை, பள்ளம் இல்லை. வேலை முடிந்ததும் குழல், சில்லு, குச்சி என்று மூன்றும் தனித்தனியே கைக்கு வருகின்றன. நீர் புகாத இடுக்கு எதுவும் எஞ்சுவதில்லை. உணவும் கருவிக்கு உதவுகிறது: மாவைப் பிசையாமல் உதிரியாகப் பிசிறியிருப்பதால் அது சுவரில் அப்பிக்கொள்வதில்லை, உள்ளே படியும் ஆவியின் ஈரம் வழுக்கும் படலமாகிறது, அடியிலும் முடிவிலும் இட்ட தேங்காய்த் துருவல், மாவு சில்லோடு ஒட்டாதபடி தடுக்கிறது. மூங்கிலுக்குப் பின் அலுமினியமும், பின்னர்த் துருவேறா எஃகும் வந்தன, அமைப்பு மாறவில்லை. எஃகில் செய்தாலும் மாறாத அமைப்பு, முதலிலேயே நன்கு எண்ணிச் செய்த அமைப்பு என்பதில் ஐயமில்லை.

எல்லா நாட்டுக் கருவிகளும் இவ்வளவு நிறைவு பெற்றவை என்று நாம் பெருமை பேசிவிட முடியாது. சேவைநாழியை எடுத்துக்கொள்வோம். இடியாப்ப உரல் என்றும் இதைச் சொல்வர். பித்தளை உருளை, அடியில் நுண்துளைத் தட்டு, மேலே அழுத்தும் உலக்கை என்பன இதன் உறுப்புகள். சிலவற்றில் உலக்கை திருகுமரையோடு அமைந்திருக்கும்; கைப்பிடியைச் சுழற்றச் சுழற்ற உலக்கை சிறிது சிறிதாக இறங்கும். நெடுந்தூரம் சுழலும் கையின் சிறு வலிமை, சிறு தூரம் இறங்கும் உலக்கையில் பெரு வலிமையாக மாறுகிறது; கெட்டியான மாவையும் நூலாக்கிவிடுகிறது. இதன் பொறியியல் போற்றத்தக்கதே. ஆயினும் உலக்கை எவ்வளவு இறங்கினாலும் துளைத் தட்டின் மேல் மெல்லிய மாவுப் படலம் ஒன்று தங்கிவிடும்; துளைகள் தோறும் மாவு அடைந்து நிற்கும். உடனே நீரில் ஊறவைக்காவிட்டால் அது காய்ந்து கல்லாகும். பிறகு ஈர்க்குக் குச்சி கொண்டு துளை துளையாகக் குத்தி எடுக்க வேண்டும். பிழிவதற்குச் செலவிட்ட நேரத்தைவிடத் துளை நீக்கும் நேரம் மிகுந்துவிடும் நாட்களும் உண்டு. பிழிபவரின் கைக்கு இரக்கம் காட்டிய கருவி, கழுவுபவரின் கையை மறந்துவிட்டது. பெரும்பாலான வீடுகளில் இருவரும் ஒரே பெண்மணிதான் என்பதை நேயர்கள் அறிவர்.

தூய்மை என்பது பொறியியலோடு முடியும் செய்தி அன்று. ஒவ்வொரு சமூகத்தின் நெறியும் அதில் கலந்திருக்கிறது. மட்டாஞ்சேரியில் இதைத் தெளிவாகக் காணலாம். யூத நெறியில் பால் உணவும் இறைச்சி உணவும் ஒரே பாத்திரத்தில் கலத்தல் ஆகாது; இரண்டுக்கும் தனித்தனிக் கலங்கள் வேண்டும். தூய்மை இழந்த உலோகக் கலத்தைக் கொதிநீரில் மூழ்க்கி மீட்கலாம். மண்கலத்தை அவ்வாறு மீட்க இயலாது, ஏனெனில் அது உணவின் சாரத்தை உள்ளே உறிஞ்சிக்கொள்கிறது. உலோகத்திலும் ஒரு விலக்கு உண்டு. பொருத்துவாய்களும் இடுக்குகளும் உள்ள கருவியை முற்றும் துடைக்க இயலாதாயின், கொதிநீர் மட்டும் அதற்குப் போதாது என்பர் அந்நெறி வல்லார். வில்லும் பள்ளமும் கொண்ட நம் முட்கரண்டியை அவர்கள் முன் வைத்தால் என்ன கூறியிருப்பார்கள் என்பதை ஊகித்தல் எளிது.

இந்து இல்லங்களில் எச்சில், பத்து என்னும் எண்ணங்கள் ஆட்சி செய்தன. பித்தளையும் வெண்கலமும் புளியாலும் சாம்பலாலும் துலக்கப்பட்டன. உண்கலமோ வாழையிலையாக இருந்து, உண்டபின் எறியப்பட்டது. கழுவ வேண்டாத தட்டு வாழையிலை ஒன்றே. மட்டாஞ்சேரியில் 1904-இல் எழுந்த சமணக் கோயிலைச் சுற்றி வாழும் குஜராத்தியரின் நெறி மற்றொரு வகையானது. உணவில் ஒரு பருக்கையும் வீணாகலாகாது, அதனால் சிற்றுயிர்களுக்கும் கேடு நேரலாகாது என்று எண்ணும் பற்றுள்ள சமணர், உண்ட தட்டில் நீர் ஊற்றிக் கழுவி அந்நீரைத் தாமே பருகிவிடுவர். நெறிகள் வேறுவேறாயினும் ஒரு கருத்தில் இவை ஒன்றுபடுகின்றன: கருவியில் எஞ்சி நிற்கும் உணவை அற்பமாகக் கருதலாகாது. இக்காலத்து அறிவியலும் இதையே வேறு சொற்களால் கூறுகிறது. ஈரமும் உணவும் தங்கும் இடுக்கில் நுண்ணுயிர் பெருகும். ஆகவே உணவைத் தொடும் பொறியின் உறுப்புகள் வழவழப்பாகவும், எளிதில் கழற்றிக் கழுவத்தக்கனவாகவும் இருத்தல் வேண்டும் என்பது இன்று உலகெங்கும் ஏற்றுக்கொள்ளப்பட்ட விதி. மீனும் இறாலும் பதப்படுத்தி அயல்நாடுகளுக்கு அனுப்பும் கொச்சியில் இவ்விதியின் அருமையை விளக்க வேண்டுவதில்லை. 1957-இல் தொடங்கப்பெற்ற மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிலையம் இந்நகரிலேயே இருக்கிறது.

இனி, யார் கழுவினர் என்னும் வினாவுக்கு வருவோம். கொச்சியில் தூய்மைத் தொழிலின் வரலாற்றில் தமிழர்க்குப் பெரும்பங்கு உண்டு. மட்டாஞ்சேரியை அடுத்த கோட்டைக் கொச்சியின் வெளிப் பகுதியில் சலவைத்துறை ஒன்று இருக்கிறது. டச்சுக்காரர் தம் படைவீரரின் உடைகளை வெளுப்பதற்காகத் தமிழ்நாட்டிலிருந்து அழைத்துவந்த குடும்பங்களின் வழியினர் தாங்கள் என்று அங்குள்ள வண்ணார் சமூகத்தார் கூறுவர். தனித்தனிக் கற்களும் தொட்டிகளும் கொண்ட இன்றைய கட்டடம் 1976-இல் அமைந்தது. டச்சு ஆட்சி 1795-இல் முடிந்தது. ஆங்கிலேயர் வந்தனர், சென்றனர். வெளுக்கும் கைகள் மட்டும் தலைமுறை தலைமுறையாக அங்கேயே தங்கின. மேலே சொன்ன 'காழியர்' என்னும் பழஞ்சொல்லுக்குப் பிட்டு விற்போர் என்பதோடு ஆடை வெளுப்போர் என்னும் பொருளும் உண்டு. சமைக்கும் தொழிலையும் வெளுக்கும் தொழிலையும் ஒரே சொல்லில் வைத்துச் சென்றிருக்கிறது நம் மொழி. ஆவியும் வெந்நீரும் இரு தொழிலுக்கும் பொது. புகழ் பெறாமையும் இரண்டுக்கும் பொதுவே.

கழுவுபவரின் நிலையிலிருந்து எண்ணிப் பார்த்தபோதுதான் உலகில் பயனுள்ள கருவிகள் சில பிறந்தன என்பதையும் இங்கே நினைவு கூர்வோம். அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்துப் பெண்மணி ஜோசஃபின் காக்ரன், பாத்திரங்களைக் கம்பிக் கூண்டில் நிறுத்தி நீரைப் பாய்ச்சிக் கழுவும் பொறியை அமைத்து 1886-இல் உரிமை பெற்றார். 1893-இல் சிகாகோ நகரின் பெருங்கண்காட்சியில் அது காட்சிக்கு வந்தது. நம் பொருளுக்கு இன்னும் நெருங்கியவர் ஆல்ஃபிரட் க்ரால். பிட்ஸ்பர்க் நகரில் ஏவலாளராகப் பணியாற்றிய கறுப்பின இளைஞர் இவர். பனிக்கூழ் பரிமாறுவோர், கரண்டியில் ஒட்டிக்கொண்டதை மற்றொரு கரண்டியால் வழித்துத் தள்ள வேண்டியிருந்ததைக் கண்டார். ஒரு கையின் வேலைக்கு இரு கைகள் செலவாவதை உணர்ந்தார். கரண்டியின் உட்புறத்தை ஒட்டி நகரும் சுரண்டி ஒன்றைப் பொருத்தி, பிடித்த கையாலேயே அதை இயக்குமாறு செய்தார். 1897 பிப்ரவரி 2-ஆம் நாள் அவருக்கு உரிமை வழங்கப்பட்டது. இன்று நம் ஊர்ப் பனிக்கூழ்க் கடைகளிலும் காணப்படும் சுரண்டிக் கரண்டிகள் அந்தக் கருத்தின் வழிவந்தவையே. இங்கே சுரண்டி செம்மையாக வேலை செய்வதற்குக் காரணம், கிண்ணத்தின் வளைவும் சுரண்டியின் வளைவும் ஒன்றாக இருப்பது. வடிவத்துக்கு ஏற்ற துடைப்பு, துடைப்புக்கு ஏற்ற வடிவம்: இந்தப் பொருத்தம் புட்டுக்குழலில் உண்டு, க்ராலின் கரண்டியில் உண்டு, வளைந்து மெலியும் முட்களையுடைய முட்கரண்டியில் இல்லை.

ஆகவே, தன்னைத் துடைத்துக்கொள்ளும் முட்கரண்டியைச் செய்ய விரும்புவோர்க்கு மட்டாஞ்சேரியின் அடுக்களைகள் கூறும் அறிவுரைகள் சில உண்டு. முட்கள் நேராகவும் இணையாகவும், அடிமுதல் நுனிவரை ஒரே பருமனாகவும் இருக்கட்டும். இரண்டே முட்கள் போதுமாயின் இன்னும் நன்று. தள்ளும் தகடு வில்லோடும் ஆணியோடும் பிணைக்கப்படாமல், புட்டுக்குழலின் சில்லைப் போல முற்றிலும் கழன்று கைக்கு வரட்டும். 1913-இல் ஷெஃபீல்டு நகரில் ஹாரி பிரியர்லி கண்ட துருவேறா எஃகு இன்று எளிதில் கிடைக்கிறது. புளியும் சாம்பலும் தேய்க்கும் உழைப்பை அது பெரிதும் குறைத்துவிட்டது. பொருளில் குறை இல்லை. அமைப்பில்தான் எண்ணம் வேண்டும்.

இவை எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று உண்டு. ஒரு கருவி தன்னைத் தானே தூய்மை செய்துகொள்கிறது என்று யாரேனும் கூறினால், அதை உண்ணும் மேசையில் வைத்து மட்டும் சோதித்தல் ஆகாது. கழுவும் தொட்டியருகே கொண்டுசென்று சோதித்தல் வேண்டும். அங்கே நிற்பவரின் வேலை உண்மையாகக் குறைந்ததா என்று கேட்டல் வேண்டும். இந்த நாட்டில் அந்த இடத்தில் நின்றவர் பெரும்பாலும் பெண்டிர். அல்லது கூலிக்குக் கழுவிய ஏழை மக்கள். அவர்கள் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. மூங்கிலைத் துண்டாக்கி, உள்ளே ஒரு சில்லை இட்டு, எதையும் எதனோடும் பிணைக்காமல் விட்ட முதல் மனிதர் யார் என்பதற்கும் ஏடு இல்லை. ஆனால் அவர் கழுவுபவரை எண்ணிப் பார்த்தவர் என்பதற்கு அந்தக் கருவியே சான்று. காலையில் புட்டுக்குழல் கவிழும் ஒவ்வொரு வீட்டிலும் அச்சான்று நம் கண்முன் இருக்கிறது. புதிய கருவி செய்வோர் அதை ஒருமுறை கையில் எடுத்துப் பார்ப்பாராக.